ஒற்றைப் புள்ளி மறைக்கும் போக்கு: விலகுபுள்ளிகள் உள்ள தரவுகளை வரைபடமாக்கும் முறைகள்

தரவுகளை வரைபடமாக்கும் மென்பொருள்கள் அச்சின் எல்லைகளைப் பெரும்பாலும் தாமே முடிவு செய்துகொள்கின்றன. கொடுக்கப்பட்ட எண்களில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று பார்த்து, இரண்டும் படத்துக்குள் அடங்குமாறு அளவுத்திட்டத்தை அமைப்பது அவற்றின் வழக்கம். எண்கள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும்வரை இதனால் கேடு எதுவும் இல்லை. ஆனால் அவற்றுள் ஒன்று மட்டும் ஏனையவற்றைப்போல் இருபது மடங்கோ முப்பது மடங்கோ இருந்துவிட்டால், படத்தின் உயரம் முழுவதும் அந்த ஒன்றைக் காட்டுவதற்கே செலவாகி, மற்றவை யாவும் அடிக்கோட்டின்மேல் படிந்துவிடுகின்றன. அவற்றுக்குள் இருந்த ஏற்ற இறக்கமும், எதைக் காட்டுவதற்காகப் படம் வரையப்பட்டதோ அந்தப் போக்கும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. இவ்வாறு கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் மதிப்பைப் புள்ளியியலார் அவுட்லையர் என்பர். இக்கட்டுரையில் அது விலகுபுள்ளி எனப்படும். விலகுபுள்ளியை ஒளிக்காமலும் அதற்காக மற்றவற்றைப் பலியிடாமலும் போக்கைக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பல விடைகள் தரப்பட்டுள்ளன. அவ்விடைகளில் எது பொருந்தும் என்பது அந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காரணத்தை அறியாமல் அளவுத்திட்டத்தை மாற்றத் தொடங்குவதே இத்துறையில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்றைய தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களுக்குத் தரும் மக்கள் அடர்த்தி எண்கள் இச்சிக்கலை அளந்து பார்க்க ஏற்றவை. சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வாழ்ந்தனர். அடுத்த இடத்திலிருந்த கன்னியாகுமரியில் ஏறத்தாழ 1,110 பேர். கடைசியிலிருந்த நீலகிரியில் 290க்குச் சற்றுக் குறைவு. இவற்றைப் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள பட்டை வரைபடமாக வரைந்தால், சென்னையின் பட்டை முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ள, கன்னியாகுமரிக்கு நான்கு மில்லிமீட்டரும் நீலகிரிக்கு ஒரு மில்லிமீட்டரும் மட்டுமே கிடைக்கும். மலை மாவட்டத்துக்கும் தென்கோடியின் நெருக்கமான கடலோர மாவட்டத்துக்கும் இடையிலுள்ள கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேறுபாடு, மூன்று மில்லிமீட்டருக்குள் நசுங்கிவிடுகிறது. இதே எண்களைச் சம அகலமுள்ள ஐந்து வகுப்புகளாகப் பிரித்து நிலப்படத்தில் வண்ணம் தீட்டினால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு வகுப்பும் 5,250 அளவுக்கு அகன்றிருப்பதால் 31 மாவட்டங்களும் முதல் வகுப்பில் விழுந்து ஒரே நிறத்தைப் பெறும், இடையிலுள்ள மூன்று நிறங்கள் யாருக்கும் பயன்படா. அந்தப் படத்திலிருந்து வாசகர் அறியக்கூடியது சென்னை நெருக்கமான ஊர் என்பது ஒன்றே. அதற்குப் படம் தேவையில்லை.

படம் ஏன் இவ்வளவு எளிதில் தோற்றுவிடுகிறது என்பதற்குக் கண்ணின் இயல்பில் விடை உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொது அளவுகோலின்மேல் புள்ளிகள் நிற்கும் இடத்தை ஒப்பிடுவதில் மனிதர்கள் மிகுந்த துல்லியம் காட்டுகிறார்கள் என்றும், நீளம், கோணம், பரப்பு, நிறம் என்று போகப்போக அத்துல்லியம் குறைகிறது என்றும் நிறுவியது. போக்கு என்பதோ கோட்டின் சாய்விலிருந்து படிக்கப்படுவது. சாய்வுகளை ஒப்பிடும் திறன் அவை 45 பாகையை ஒட்டி அமையும்போது சிறப்பாக இருக்கிறது என்பது அவர்களது அடுத்த சில ஆண்டுகளின் ஆய்வு காட்டிய உண்மை. விலகுபுள்ளி செங்குத்து அச்சை இழுத்து நீட்டும்போது மற்றப் பகுதிகளின் சாய்வெல்லாம் படுக்கைக்கோட்டை நெருங்கிவிடுவதால், தரவில் போக்கு இருந்தும் அதைப் படிக்கும் வழி அடைபட்டுப்போகிறது.

விலகுபுள்ளி எது என்று கண்டுபிடிப்பதற்கே நம்பத்தகுந்த அளவுகோல் வேண்டும். சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு அப்பால் இருப்பதை விலகுபுள்ளியாகக் கொள்ளும் விதி பாடநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு. இவ்விதியின் குறை அதன் அடிப்படையிலேயே உள்ளது: சராசரியும் திட்ட விலக்கமும் விலகுபுள்ளியையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், அந்தப் புள்ளி தன் பக்கம் சராசரியை இழுத்துக்கொள்வதோடு சிதறலையும் பெருக்கிவிடுகிறது. பத்து எண்களே உள்ள ஒரு பட்டியலில், ஓர் எண் எத்தனை கோடியாக இருந்தாலும் அது திட்ட விலக்கத்தைப்போல் 2.85 மடங்குக்கு மேல் சராசரியிலிருந்து விலகவே முடியாது என்பது கணிதத்தால் நிறுவத்தக்கது. அதாவது அச்சிறு பட்டியலில் மூன்று மடங்கு விதியால் எந்த விலகுபுள்ளியும் ஒருபோதும் பிடிபடாது.

ஜான் டியூக்கி 1977இல் வெளியிட்ட தரவு ஆய்வு நூலின் மூலம் பரவலான பெட்டி வரைபடம் இக்குறையைத் தவிர்க்கிறது. எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நான்கு சம பங்குகளாக்கினால், நடுப்பாதி அமையும் இடைவெளி ஒரு பெட்டியாகிறது. பெட்டியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு இருபுறமும் வேலி போட்டு, அதற்கு வெளியே விழுவனவற்றைத் தனிப்புள்ளிகளாகக் குறிப்பது அவரது முறை. ஓரத்து மதிப்பு எவ்வளவு பெரிதானாலும் பெட்டி அசைவதில்லை என்பதே இதன் வலிமை. ஆயினும் இவ்வேலியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. மணி வடிவில் சமச்சீராகப் பரவும் இயல்நிலைப் பரவலில்கூட ஏறத்தாழ 0.7 விழுக்காடு மதிப்புகள் வேலிக்கு வெளியே விழும். பத்து லட்சம் பதிவுகள் உள்ள தரவில் அது 7,000 புள்ளிகள், அவற்றுள் ஒன்றிலும் விபரீதம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. வருமானம், நிலவுடைமை, நகர மக்கள்தொகை போன்று ஒரு பக்கம் நீண்ட வால் கொண்ட பரவல்களில் வேலிக்கு வெளியே நிற்பவை இன்னும் பல மடங்காகும். அத்தகைய தரவில் பெரிய மதிப்பு விலக்கு அல்ல; அந்தப் பரவலின் இயல்பே அதுதான்.

எனவே புள்ளி விலகி நிற்பதன் காரணத்துக்கு வர வேண்டியிருக்கிறது. எழுத்துப் பிழை, கருவிப் பழுது, அலகு மாறிப்போதல் ஆகியவற்றால் வரும் விலகல்கள் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. மூலத்தைச் சரிபார்த்துத் திருத்தி, திருத்தியதைக் குறிப்பிட்டால் போதும். கணக்கெழுதும் முறையால் பிறக்கும் விலகல்களும், எல்லை வகுக்கும் முறையால் பிறக்கும் விலகல்களும் அவ்வளவு எளியவை அல்ல. சென்னையின் 26,553 பிழையற்ற எண். ஆனால் மாவட்டம் என்ற அலகு மற்ற இடங்களில் நகரமும் வயலும் காடும் சேர்ந்ததாக இருக்க, அன்றைய சென்னை மாவட்டம் ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் முழுக்க நகரமாகவே இருந்ததால் வந்த எண் அது. 2018இல் அண்டை வட்டங்கள் சேர்க்கப்பட்டு மாவட்டத்தின் பரப்பு இரு மடங்குக்கு மேல் பெருகியபோது, எந்தக் குடும்பமும் வீடு மாறாமலேயே அடர்த்தி எண் இறங்கியது. இத்தகைய இடங்களில் நேர்மையான தீர்வு அளவுத்திட்டத்தை வளைப்பதைவிட, சென்னையைக் கோயம்புத்தூர், மதுரை ஆகிய மாநகரங்களோடு ஒரு படத்திலும், ஏனைய மாவட்டங்களைத் தமக்குள் இன்னொரு படத்திலும் ஒப்பிடுவதாகும்.

கணக்கெழுதும் முறையால் வந்த விலகலுக்குக் கோவிட் காலம் மறக்க முடியாத சான்றைத் தந்தது. 2021 ஜூன் 10ஆம் நாள் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட கோவிட் இறப்புகள் 6,148. இரண்டாம் அலையின் உச்சமான மே நடுப்பகுதியில்கூட நாளொன்றுக்கு 4,500ஐ ஒட்டியே இருந்த எண் அது. அலை வடிந்துகொண்டிருந்த நேரத்தில் இப்படியொரு கம்பம் எழுந்ததற்குக் காரணம், பீகார் மாநிலம் அதுவரை கணக்கில் சேராமலிருந்த 3,951 இறப்புகளை ஒரே நாளில் சேர்த்ததுதான். அவற்றைக் கழித்தால் அந்நாளின் எண் 2,197. நாள்தோறும் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய ஊடகங்கள் அப்போது ஏழு நாள் நகரும் சராசரியைப் பயன்படுத்தின, அதாவது ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய ஆறு நாள்களையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் கோடு வரைந்தன. அந்த முறை இந்தக் கம்பத்தை நீக்கவில்லை. 3,951ஐ ஏழாகப் பிரித்து நாளொன்றுக்கு 564 வீதம் ஏழு நாள்களுக்குப் பரப்பியது. விளைவாக வளைகோடு திடீரென ஒரு படி ஏறி, ஒரு வாரம் மேலேயே நின்று, எட்டாம் நாள் எந்த நிகழ்வும் இன்றிச் செங்குத்தாக இறங்கியது. சராசரிக்குப் பதிலாக ஏழு நாள்களின் இடைநிலை அளவை, அதாவது அடுக்கி வைத்தால் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்திருந்தால் கோடு அசைந்தேயிராது.

ஆனால் இடைநிலை அளவு இங்கே தருவது கோட்டின் சீர்மை மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த 3,951 பேரும் இறந்தவர்கள். அவர்கள் இறந்த நாள் வேறு, எழுதப்பட்ட நாள் வேறு, அவ்வளவே. அவர்களைச் சமன்செய்யும் கணக்கில் காணாமற்போகச் செய்வது சரியான படத்தைத் தராது. இறந்த நாள்வாரியாகத் தரவு கிடைத்தால் அவர்களை உரிய நாள்களுக்குத் திருப்பி அனுப்பலாம். கிடைக்காவிட்டால் ஜூன் 10இன் கம்பத்தை அதன் முழு உயரத்துடன் வேறு நிறத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு வரியில் காரணத்தை எழுதிவிட்டுப் போக்குக்கோட்டை அதை விலக்கி வரைவதே முறை. படத்தைப் பார்ப்பவருக்கு மாநிலக் கணக்கில் இருந்த ஓட்டையும் தெரிய வேண்டும், நோய் தணிந்ததும் தெரிய வேண்டும், இரண்டும் உண்மை.

எண்ணளவில் போக்கைக் கணிக்கும் முறைகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் அமைத்துக் காட்டிய நான்கு சிறு தரவுத் தொகுதிகள் இத்துறையில் புகழ்பெற்றவை. நான்கிலும் பதினொரு சோடிப் புள்ளிகள்; சராசரிகள், ஒட்டுறவுக் கெழு, மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும் கோடு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். அவற்றுள் மூன்றாவது தொகுதியில் பத்துப் புள்ளிகள் அப்பழுக்கில்லாத நேர்கோட்டில், படுக்கை அச்சில் ஒன்று கூடுகையில் செங்குத்து அச்சில் 0.345 கூடும் விகிதத்தில் அமைந்துள்ளன. படுக்கை அச்சில் 13 என்ற இடத்தில் மட்டும் 8.5 இருக்க வேண்டியதற்குப் பதில் 12.74 நிற்கிறது. இந்த ஒரு புள்ளி மீச்சிறு வர்க்கக் கோட்டின் சாய்வை 0.5க்கு உயர்த்திவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டும் முறை அது என்பதால், தூரத்தில் நிற்பவற்றுக்கு அளவுக்கு மீறிய செல்வாக்குக் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த கோடு பத்துப் புள்ளிகளுக்கும் பொருந்தவில்லை, அந்த ஒற்றைப் புள்ளிக்கும் பொருந்தவில்லை.

இதற்கு மாற்றாக, ஹென்றி தைல் 1950இல் முன்மொழிந்து, கல்கத்தாவில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய பிரணாப் குமார் சென் 1968இல் விரிவாக்கிய முறை எளிமையால் சிறப்புடையது. புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடியையும் இணைக்கும் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு, அச்சாய்வுகளின் இடைநிலை அளவைப் போக்காகக் கொள்ளுதல் என்பதே அது. ஆன்ஸ்கோமின் மூன்றாவது தொகுதியில் 55 சோடிகள் உண்டு. கெட்ட புள்ளியோடு சேர்ந்தவை அவற்றுள் பத்தே என்பதால், நடுவில் நிற்கும் சாய்வு 0.345ஐ விட்டு நகர்வதில்லை. தரவில் ஏறத்தாழ 29 விழுக்காடுவரை கெட்டுப்போனாலும் தாக்குப்பிடிக்கும் இம்முறை மழையளவு, ஆற்று நீர்வரத்து ஆகியவற்றின் நீண்டகாலப் போக்குகளை ஆராய்வோரிடம் இன்று நிலைபெற்றுவிட்டது. நேர்கோடாக அமையாத போக்குகளுக்குக் கிளீவ்லண்ட் 1979இல் வகுத்த லோவெஸ் முறை பயன்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் அண்டைப் புள்ளிகளை மட்டும் கொண்டு சிறு கோடு பொருத்தி, முதல் சுற்றில் கோட்டிலிருந்து மிகவும் விலகியவற்றின் எடையை அடுத்தடுத்த சுற்றுகளில் குறைத்துக்கொண்டே போவது அதன் நுட்பம். இம்முறைகளின் பொது நன்மை, போக்குக்கோட்டைக் காப்பதற்காக எந்தப் புள்ளியையும் படத்திலிருந்து நீக்கத் தேவையில்லை என்பது.

அளவுத்திட்டத்தை மாற்றும் வழிகளில் மடக்கை அளவுத்திட்டம் முதன்மையானது. அதில் 100இலிருந்து 1,000க்கும், 1,000இலிருந்து 10,000க்கும் உள்ள தூரம் சமம். கூடுதலுக்குப் பதில் மடங்கே நீளமாகிறது. மேலே கண்ட மாவட்ட அடர்த்திகளை மடக்கை அச்சில் புள்ளிகளாக வைத்தால், சென்னை உச்சியில் தனித்தே நிற்கும், ஆனால் ஏனைய 31 மாவட்டங்களும் உயரத்தில் மூன்று விழுக்காட்டுக்குப் பதிலாக முப்பது விழுக்காட்டில் விரிந்து தெரியும். மடங்காகப் பெருகும் எதற்கும் இது இயற்கையான அளவு. 2020 மார்ச்சில் ஃபைனான்சியல் டைம்ஸ் இதழுக்காக ஜான் பர்ன்-மர்டாக் வரைந்த நாடுவாரிக் கோவிட் படங்கள் மடக்கை அச்சைப் பயன்படுத்தியதால்தான், தொற்று எண்ணிக்கையில் பெரிதும் வேறுபட்ட நாடுகள் ஒரே வேகத்தில் ஏறுவதை வாசகர்கள் காண முடிந்தது.

ஆயினும் இந்த அச்சை எல்லா வாசகர்களும் சரியாகப் படிப்பதில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் அதே ஆண்டு அமெரிக்கர்களிடம் நடத்திய சோதனையில், சாதாரண அச்சுள்ள படத்தைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஓர் எளிய கேள்விக்குச் சரியான விடை தர, மடக்கை அச்சுள்ள படத்தைப் பார்த்தவர்களில் பாதிக்கும் குறைவானோரே அவ்வாறு தந்தனர். ஆய்வாளர்களுக்கிடையே தயக்கமின்றிப் பயன்படும் இந்த அச்சு நாளிதழில் வரும்போது விளக்கத்தோடு வர வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. பட்டை வரைபடத்தில் இதைப் பயன்படுத்துவது விளக்கத்தாலும் சரியாகாது. பட்டையின் நீளம் சுழியிலிருந்து அளக்கப்படுவது, மடக்கை அச்சிலோ சுழியே கிடையாது. எனவே மடக்கை அச்சுக்குப் புள்ளிகளும் கோடுகளுமே உரியவை. சுழியும் எதிர்ம எண்களும் கலந்த தரவில், குடும்பங்களின் சொத்தும் கடனும் சேர்ந்த கணக்கில்போல, சுழிக்கு அருகில் சாதாரண அளவாகவும் தொலைவில் மடக்கையைப்போலவும் நடந்துகொள்ளும் வேறு உருமாற்றங்கள் பொருளியலில் வழக்கத்தில் உள்ளன. பொதுவாசகர்க்கு அவை மேலும் கடினம்.

அச்சை நடுவில் உடைத்து, ஒரு நெளிகோடு போட்டு, இடைப்பட்ட எண்களைத் தாண்டிச் செல்வது செய்தித்தாள்களிலும் ஆண்டறிக்கைகளிலும் அடிக்கடி காணப்படும் வழி. பட்டைகளில் இதைக் கைவிட வேண்டும் என்றே சொல்ல வேண்டும். மாவட்ட அடர்த்திப் படத்தில் 1,200க்கும் 26,000க்கும் இடைப்பட்டதை உடைத்து நீக்கினால், சென்னையின் பட்டை கன்னியாகுமரியின் பட்டையைப்போல் ஒன்றரை மடங்கு அளவில் தோன்றும். உண்மையில் அது 24 மடங்கு. நெளிகோட்டை மூளை கவனிக்கிறது, கண் கவனிப்பதில்லை. நீளத்தைக் கண்ட பிறகு எழுந்த எண்ணத்தை ஒரு சிறு குறி அழித்துவிடாது. கிளீவ்லண்ட் 1985இல் எழுதிய நூலில், அச்சை உடைக்கவே வேண்டுமென்றால் படத்தையே இரண்டு தனிச் சட்டங்களாகப் பிரித்துவிட வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுக்கக் கூடாது என்று வற்புறுத்தியிருப்பது இந்த அனுபவத்தால்தான்.

அந்த அறிவுரையை ஒரு படி முன்னெடுத்தால் கிடைப்பது, தரவை இருமுறை காட்டும் வழி. மேலே ஒரு சிறிய படம் முழு வீச்சையும் சாதாரண அளவில் காட்டும். அதன் கீழே பெரிய படம் அதே கால அச்சில், விலகுபுள்ளியைத் தவிர்த்த வீச்சை மட்டும் விரித்துக் காட்டும். எவ்வளவு பெரியது அந்த ஒன்று என்பதும், மற்றவை எப்படி நகர்ந்தன என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஒரே படத்தில் இரண்டுக்கும் விடை சொல்ல முயல்வதால் வரும் நெருக்கடி இதில் இல்லை. இடம் கூடுதலாகச் செலவாகிறது என்பதைத் தவிர இதற்கெதிராகச் சொல்ல அதிகம் இல்லை, எடுத்துரைக்கப்பட்ட வழிகளுள் மிகக் குறைவாகத் தவறுவதும் இதுவே. இடமில்லாதபோது அச்சின் மேல்வரம்பை வேண்டுமென்றே தாழ்த்தி, அதைத் தாண்டும் புள்ளி இருக்கும் இடத்தில் மேல்நோக்கிய அம்பும் உண்மையான எண்ணும் எழுதுவது ஏற்கத்தக்கது. ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மேல் இப்படிச் செய்தால் படம் அம்புகளின் வரிசையாகிவிடும். பல தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டிய இடங்களில், உயரத்தைப் பட்டைகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மேற்பட்டைகளுக்கு அடர்ந்த நிறம் கொடுக்கும் தொடுவான வரைபடம் என்ற வகை 2000களில் உருவானது. பழகிய கண்களுக்கு அது நன்கு பயன்படுகிறது.

சில வேளைகளில் சிக்கல் அச்சில் இல்லை, எந்த அளவை வரைவது என்ற தேர்வில் இருக்கிறது. 2011-12ஐ 100ஆகக் கொண்ட இந்தியத் தொழில் உற்பத்திக் குறியீடு, நாடு முழுதும் ஊரடங்கிலிருந்த 2020 ஏப்ரலில் 54ஆகச் சரிந்தது. ஓராண்டு கழித்து 126ஐ ஒட்டிய நிலைக்குத் திரும்பியபோது, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்ட வளர்ச்சி ஏறத்தாழ 134 விழுக்காடு என்று கணக்கு வந்தது. பத்தாண்டுகளின் மாதவாரி வளர்ச்சி விகிதங்களை வரைந்தால் இந்தக் கம்பம் அனைத்தையும் நசுக்கிவிடும். வளர்ச்சி எதிர்மமாகவும் இருப்பதால் மடக்கை அச்சு இங்கே உதவாது, சமன்செய்தலும் உதவாது. ஆனால் வளர்ச்சி விகிதத்துக்குப் பதில் குறியீட்டையே வரைந்தால், ஆழமான ஒரு பள்ளமும் அதிலிருந்து மீண்ட கோடும் தெரிகின்றன. 2019 ஏப்ரலிலும் குறியீடு 126ஐ ஒட்டியே இருந்தது என்பதால், இரண்டாண்டுகளில் உற்பத்தி இருந்த இடத்திலேயே நின்றது என்ற முக்கியமான செய்தியும் வெளிப்படுகிறது. 134 என்ற எண் பிழையல்ல, எனினும் அது பிறந்தது உற்பத்தியின் பாய்ச்சலால் அல்ல, ஒப்பிட எடுத்த அடித்தளத்தின் தாழ்வால். 2020 ஏப்ரல் குறியீட்டை வெளியிட்டபோதே, அதை முந்தைய மாதங்களோடு ஒப்பிடுவது பொருத்தமாகாது என்று புள்ளியியல் அமைச்சகம் குறிப்பு எழுதியது. அந்த எண்ணைப் பின்னர் எடுத்தாண்ட பல படங்களில் அக்குறிப்பு இடம்பெறாமற்போனது வருந்தத்தக்கது.

விலகுபுள்ளியே செய்தியாகும் இடங்களில் மேற்கூறிய உத்திகள் அனைத்தும் தவறாகிவிடும். 2020 மார்ச் 21இல் முடிந்த வாரத்தில் அமெரிக்காவில் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோர் முதற்கணக்கின்படி 32.8 லட்சம், அதற்கு முந்தைய வரலாற்று உச்சம் 1982 அக்டோபரில் பதிவான 6.95 லட்சம். மார்ச் 27ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் தன் முதற்பக்கத்தில் முந்தைய ஆண்டுகளின் கோட்டைச் சாதாரண அச்சில் அகலமாக வரைந்து, கடைசி வாரத்தை வலது ஓரத்தில் பக்கத்தின் உயரத்துக்கே எழ விட்டது. முந்தைய பொருளாதார வீழ்ச்சிகள் யாவும் அதன் காலடியில் சிறு மேடுகளாகிப்போயின. மடக்கை அச்சில் அதே எண் ஓரளவு உயரமான இன்னொரு மேடாக மட்டும் தெரிந்திருக்கும். அப்படிக் காட்டியிருந்தால் அது உண்மையைக் குறைத்துச் சொன்னதாகும்.

அண்டார்க்டிகா ஓசோன் வரலாறு இதைவிட ஆழமான பாடம் தருகிறது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் அளவைக் கருவி தந்த தரவில், 180 டாப்சன் அலகுக்குக் கீழ் வந்த மதிப்புகள் ஐயத்துக்குரியவை என்று நாசாவின் மென்பொருளால் குறியிடப்பட்டன. ஓசோன் அவ்வளவு தாழும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பலரும் கூறுவதுபோல் அவை அழிக்கப்படவில்லை, ஆயினும் அவற்றைச் சரிபார்த்து முடிப்பதற்குள் காலம் கடந்தது. இதற்கிடையே அண்டார்க்டிகாவின் ஹேலி தளத்தில் 1950களிலிருந்து தரையிலிருந்தே அளந்துவந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர், அக்டோபர் மாதச் சராசரிகள் ஆண்டுக்காண்டு சரிந்துவருவதை 1985 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அவர்களது படத்தில் ஓசோன் இறங்கும் கோட்டோடு, குளிரூட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களின் செறிவும் தலைகீழாக்கிய அச்சில் வரையப்பட்டு, இரண்டும் சேர்ந்தே இறங்குவது காட்டப்பட்டிருந்தது. விலகுபுள்ளிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, அவைதாம் போக்கு. நீக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அவ்விதி எத்தனை முறை, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் செயல்பட்டது என்று யாரும் திரும்பிப் பாராத எந்தத் தரவு அமைப்பிலும் இதே தாமதம் நேரக்கூடும்.

மழைப் படங்களில் இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு இன்று நேரடியாகப் பொருந்துகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அதிகனமழை. கடைசி வகுப்புக்கு மேல்வரம்பு இல்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 946 மில்லிமீட்டர் பெய்தது, தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் சராசரியாகப் பெறும் மொத்த மழையையே விஞ்சிய அளவு அது. வகுப்பு வண்ணப் படத்தில் இவ்விரண்டும் 205 மில்லிமீட்டர் பெய்த ஊரின் நிறத்தையே பெறும். முன்னெச்சரிக்கைக்கு அந்த வகைப்பாடு போதுமானது. நடந்து முடிந்ததைப் பதிவு செய்வதற்குப் போதாது. மேல் வகுப்பை 300, 500, 800 என்று மேலும் பிரிக்கலாம், அல்லது நிறங்களை அப்படியே விட்டுவிட்டு 204.5ஐத் தாண்டிய ஒவ்வொரு நிலையத்தின்மேலும் அதன் எண்ணை அச்சிடலாம். இரண்டாவது வழியில் பழைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிடும் வசதி கெடுவதில்லை என்பதால் அதுவே மேலானது. ஆண்டின் மிகக் கடும் ஒருநாள் மழையை வரிசையாக வரையும் படங்களிலோ 946ஐ அம்புக்குறியாக்கிச் சுருக்குவதற்கு நியாயமில்லை: ஏரிக்கரையின் உயரத்தையும் வடிகாலின் அகலத்தையும் முடிவு செய்பவர்கள் பார்க்க வேண்டிய புள்ளி அது, சாதாரண அச்சில், முழு உயரத்தோடு.